ஸ்டெல்த் போர் விமானங்கள்: அவர்களிடம் என்ன இருக்கிறது, நமக்கு என்ன வரப்போகிறது

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஒரு குடியிருப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் கேள்வி பதிலோடு சேர்த்து வெளியிடுகிறோம்.)



நோட்டீஸ் போர்டில் 'ஆம்கா பற்றி உரை' என்று பார்த்துவிட்டு, லிஃப்ட் ஏ.எம்.சி. விவகாரத்தைப் பேசப்போகிறோம் என்று வந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களும் உட்காரலாம். லிஃப்ட்டும் நடுவில் வரும்.

நான் விமானி அல்ல, விமானப் படையிலும் இருந்ததில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் தொடங்கி, குவாலிட்டி இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் என் கருவிகள். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்த விமானங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். நாம் குடியிருக்கும் இடத்தையும் பாருங்கள். பக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ., விமானப் படை நிலையம் எல்லாம் இருக்கின்றன. நம் பிளாக்குகளிலேயே அங்கே வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. டெல்லிக்காரர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம் என்று இதை விட்டுவிட முடியாது.

2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் நடந்த விமானப் படை சாகச நிகழ்ச்சிக்கு நம்மில் பலர் போனோம். வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்த நாள், அதனால் அதைப் பற்றி உற்சாகமாகப் பேச மனம் வருவதில்லை. ஆனால் அன்று வானத்தில் ரஃபேல், சுகோய்-30, தேஜஸ் எல்லாம் பறந்தன. அவற்றில் ஒன்றுகூட ஸ்டெல்த் விமானம் கிடையாது. ரஃபேலும் அந்த வகை இல்லை. ரேடாரில் ஓரளவு குறைவாகத் தெரியும்படி வடிவமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அது குண்டையும் ஏவுகணையையும் இறக்கைக்கு அடியில் வெளியே தொங்கவிட்டுக்கொண்டு பறக்கிறது. இன்றைய தேதியில் இந்தியாவிடம் ஒரு ஸ்டெல்த் போர் விமானமும் இல்லை. சீனாவிடம் இருநூறுக்கும் மேல் இருப்பதாக வெளிநாட்டு மதிப்பீடுகள் சொல்கின்றன.

சரி, ஸ்டெல்த் என்றால் என்ன? 'ரேடாரில் தெரியவே தெரியாத விமானம்' என்று டிவியில் சொல்வார்கள். அப்படி ஒரு விமானம் உலகத்தில் இல்லை. தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தாமதம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

கரண்ட் போன இரவில் டார்ச் அடிப்பது போலத்தான் ரேடார். அனுப்பும் அலை போகப் போகப் பரவி வலுவிழக்கும். விமானத்தில் பட்டுத் திரும்புவதும் அதேபோல் பரவி வலுவிழந்துதான் வரும். போகும்போது ஒரு இழப்பு, வரும்போது ஒரு இழப்பு. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சக்தி பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதைத் திருப்பிப் பார்த்தால், விமானம் பிரதிபலிக்கும் அளவைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் அது கண்டுபிடிக்கப்படும் தூரம் பாதியாகும். பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமென்றால் பிரதிபலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். லேசுப்பட்ட காரியமில்லை.

நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். கற்பனைக்கு, ஆவடியில் ஒரு ரேடார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் பறந்து வரும் ஒரு சாதாரணப் போர் விமானத்தை அது 400 கிலோமீட்டரில் பார்த்துவிடும் என்று வையுங்கள். மேற்கே நேர்கோட்டில் அது கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே வரும் இடம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இங்கே வர 26 நிமிடத்துக்கு மேல் ஆகும். எச்சரிக்கை கொடுக்கவும், நம் விமானங்களைக் கிளப்பவும், ஏவுகணையைத் தயாராக்கவும் நேரம் இருக்கிறது. அதே ரேடாருக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பிரதிபலிக்கும் விமானம் வந்தால் 40 கிலோமீட்டரில்தான் தெரியும். அதாவது அரக்கோணத்தைத் தாண்டிய பிறகு. கையில் இருக்கும் நேரம் மூன்று நிமிடம்கூட இல்லை. நம் பி பிளாக் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வருவதற்குள் விஷயம் முடிந்துவிடும்.

இந்த அறிவியலின் அடிப்படை ரஷ்யாவிலிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர், மின்காந்த அலைகள் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்று கணக்கிட்டு 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் நாட்டு ராணுவம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் அமெரிக்க விமானப் படை அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தில் டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற கணித நிபுணர் அதைப் படித்து, கணினியில் ஏற்றி, எந்த வடிவம் எவ்வளவு பிரதிபலிக்கும் என்று கணக்குப் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் தட்டுத் தட்டாக வெட்டிய வைரம் போன்ற எஃப்-117. அதன் முன்மாதிரி பறந்தது 1977இல்.

அந்த முன்மாதிரியைச் சோதித்தபோது நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாள் விமானம் திடீரென்று ரேடாரில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. காரணத்தைத் தேடினார்கள். மூன்று திருகுகளைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். அவற்றின் தலை மேற்பரப்புக்கு வெளியே மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் துருத்திக்கொண்டிருந்தது. அது போதும். பட்டறையில் ஒரு ஜாபை 'பாயிண்ட் ஜீரோ டூ கூட இருக்கு' என்று நான் ரிஜெக்ட் செய்தபோதெல்லாம் என்னைத் திட்டியவர்கள் இங்கேயும் ஒருவர் இருக்கிறார். அவருக்காகத்தான் இதைச் சொன்னேன்.

ஸ்டெல்த் விமானத்தில் ரகசியப் பெயிண்ட்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். பெயிண்ட் வேலை கடைசியில்தான். பெரும் பகுதி வடிவத்தில் இருக்கிறது. வரும் அலையை வந்த திசைக்கே திருப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிடும்படி இறக்கை, வால், கதவு விளிம்பு எல்லாவற்றையும் ஒரு சில கோணங்களுக்குள் அடக்குவார்கள். எஞ்சின் முகப்பில் சுழலும் தகடுகள் ரேடாருக்குப் பெரிய இலக்கு. அதனால் காற்று நுழையும் குழாயை வளைத்து அந்தத் தகடுகளை மறைப்பார்கள். ஏவுகணைகளை வயிற்றுக்குள் அறை கட்டி வைப்பார்கள். விமானி அமரும் கண்ணாடி மூடிக்குக்கூட மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஹெல்மெட்டும் இருக்கையும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இத்தனைக்கும் பிறகுதான் அலையை உறிஞ்சும் பூச்சு. அது வெயிலுக்கும் மழைக்கும் உரிந்து தொல்லை கொடுக்கும். மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்கை நான்கு வருடத்துக்கு ஒரு முறை செய்யும் நமக்கு அது புரியும்.

இனி ஒவ்வொரு விமானமாக வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கப் போவதில்லை.

முதலில் அமெரிக்காவின் எஃப்-22. 1997இல் முதலில் பறந்தது, 2005 டிசம்பரில் படையில் சேர்ந்தது. இருபது வருடம் ஆகியும், வானத்தில் விமானத்துக்கு விமானம் என்று மோதினால் இதை மிஞ்ச ஒன்று வந்துவிட்டதாக நான் நம்பவில்லை. ரேடாருக்கு ஒரு கோலிகுண்டு அளவில்தான் தெரியும் என்று அமெரிக்கத் தரப்பே ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. எரிபொருளைக் கொட்டி எரிக்கும் ஆஃப்டர்பர்னர் இல்லாமலேயே ஒலியைவிட வேகமாகத் தொடர்ந்து பறக்கும். ஆனால் படைக்கென்று 187தான் தயாரித்தார்கள். 2011இல் உற்பத்தியை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுக்கு விற்கச் சட்டமே தடை. இவ்வளவு பெரிய வீரன் வானத்தில் முதலில் வீழ்த்தியது எதை என்று நினைக்கிறீர்கள்? 2023 பிப்ரவரி 4ஆம் தேதி ஒரு சீன பலூனை.

எஃப்-35 வேறு ரகம். வேகத்திலும் வளைந்து திரும்புவதிலும் எஃப்-22க்குப் பின்னால்தான். ஒற்றை எஞ்சின், உச்ச வேகம் ஒலியைப் போல் 1.6 மடங்கு. இதன் பலம் கண்ணும் மூளையும். சுற்றிலும் பொருத்திய கேமராக்கள், ரேடார், எதிரியின் அலைகளை ஒட்டுக்கேட்கும் கருவிகள் எல்லாம் தரும் தகவலை ஒன்றாகச் சேர்த்து, ஒரே படமாக விமானியின் ஹெல்மெட்டில் காட்டிவிடும். தான் பார்த்ததைப் பின்னால் வரும் மற்ற விமானங்களுக்கும் கப்பலுக்கும் கொடுத்துவிடும். ஆயிரத்துக்கும் மேல் தயாரித்துவிட்டார்கள். இஸ்ரேல் 2018லேயே இதைச் சண்டையில் பயன்படுத்திவிட்டது.

இதன் பலவீனம் பராமரிப்பு. இங்கேதான் நம் லிஃப்ட் வருகிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த ஆண்டு மார்ச்சில் இந்த விமானங்களில் சுமார் 55 சதவீதம்தான் பறக்கும் நிலையில் இருந்தன. இரண்டு லிஃப்ட்டில் ஒன்று எப்போதும் 'பழுது' பலகையோடு நிற்பது போல. வாங்கும் விலை ஒன்றுக்கு 8 கோடி டாலருக்கு மேல். நம் பணத்தில் கிட்டத்தட்ட 700 கோடி ரூபாய். ஆனால் வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும், விலை ஒரு தரம்தான், மெயின்டனன்ஸ் மாதா மாதம்.

இந்த விமானத்தைத் தென்னிந்தியர்கள் நாம் பக்கத்தில் பார்த்தோம். 2025 ஜூன் 14ஆம் தேதி, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸிலிருந்து கிளம்பிய ஓர் எஃப்-35பி திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு. மழையில் நின்றது, சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் காவல் காத்தார்கள். கேரளச் சுற்றுலாத் துறை அதையே விளம்பரமாக்கிச் சிரிக்க வைத்தது. பிரிட்டனிலிருந்து பொறியாளர்கள் தனி விமானத்தில் வந்து சரிசெய்து, ஜூலை 22 அன்றுதான் அது கிளம்பிப் போனது. ஐந்து வாரத்துக்கு மேல்.

அப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் 'ஸ்டெல்த் விமானத்தையே நம் ரேடார் பிடித்துவிட்டது' என்று ஒரு செய்தி சுற்றியது. நம் விமானப் படையின் வான் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதை அடையாளம் கண்டு இறங்க அனுமதித்தது உண்மைதான். ஆனால் அமைதிக் காலத்தில் இந்த விமானங்கள் தங்களை மறைத்துக்கொண்டு பறப்பதில்லை. ரேடாரில் நன்றாகத் தெரிவதற்கென்றே சிறு பிரதிபலிப்பான்களை உடலில் மாட்டிக்கொண்டு பறக்கும், 'நான் இன்னார்' என்று சொல்லும் கருவியையும் போட்டுவைத்திருக்கும். அவசரமாக இறங்க இடம் கேட்பவர் ஒளிந்துகொண்டு கேட்கமாட்டார். அதை வைத்து நம் ரேடாரின் திறமையையும் சொல்ல முடியாது, அந்த விமானத்தின் திறமையின்மையையும் சொல்ல முடியாது.

ஸ்டெல்த் விமானம் சண்டையில் மாட்டிய உண்மைக் கதை வேறு இருக்கிறது. 1999 மார்ச் 27 இரவு, செர்பியாவில், ஓர் எஃப்-117ஐ சுட்டு வீழ்த்தினார்கள். பயன்படுத்தியது 1960களில் வந்த எஸ்-125 ஏவுகணை. படைப் பிரிவின் தலைவர் சோல்தான் டானி. அவரிடம் நீண்ட அலைநீளத்தில் இயங்கும் ஒரு பழைய ரேடார் இருந்தது. ஸ்டெல்த் வடிவங்கள் குறுகிய அலைகளைத் திசைதிருப்பத்தான் கணக்கிடப்பட்டவை, நீண்ட அலைக்கு அந்த வித்தை முழுதாகப் பலிக்காது. அதோடு அமெரிக்கர்கள் ஒரே வழியில் திரும்பத் திரும்ப வந்தார்கள். அன்று வானிலை காரணமாக, எதிரி ரேடாரைக் குழப்பும் துணை விமானங்கள் வரவில்லை. அவர் ரேடாரைச் சில நொடிகளே இயக்கி, உடனே அணைத்துவிடும் பழக்கத்தை வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். விமானம் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் பக்கத்தில் வந்தபோது அடித்தார்கள். விமானி உயிர் தப்பினார். டானி பிற்பாடு பேக்கரி நடத்தினார், இருவரும் பின்னாளில் சந்தித்து நண்பர்களானார்கள்.

ரஷ்யாவின் சுகோய்-57 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 ஜனவரியில் பறந்தது. படைக்காகத் தயாரித்த முதல் விமானம் 2019 டிசம்பரில் ஒப்படைப்பதற்கு முன்பே விழுந்து நொறுங்கியது. எண்ணிக்கை இன்னும் மிகக் குறைவு. வளைந்து நெளிவதில் கில்லாடி. தூரமும் வேகமும் அருமை. ஆனால் முன்பக்கம் பரவாயில்லை என்றாலும் பின்பக்கத்தில் வட்டமான எஞ்சின் குழாய்கள் அப்படியே தெரிகின்றன. படங்களில் பேனல்களின் இடைவெளியைப் பார்த்தால் என் பழைய தொழில் புத்தி 'ரீவொர்க்' என்றுதான் எழுதும். நம் நாடு இதில் பங்குதாரராகவே இருந்தது. 2010இல் ஆரம்பகட்ட வடிவமைப்புக்கென்று 29.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். 2018இல் விலகினோம். 2025 பிப்ரவரியில் பெங்களூரு எலஹங்காவில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சியில் எஃப்-35ம் சுகோய்-57ம் ஒரே இடத்துக்கு வந்தன. இந்தியச் சந்தையில் யார் முந்துவது என்ற போட்டி.

இப்போது சீனா. ஜே-20 விமானம் 2011 ஜனவரி 11ஆம் தேதி பறந்தது, 2017இல் படையில் சேர்ந்தது. நீளமான விமானம், எரிபொருள் நிறையக் கொள்ளும், தொலைதூர ஏவுகணைகளை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன முன் இறக்கைகள் ஸ்டெல்த்துக்கு நல்லதல்ல என்று சிலர் ஏளனம் செய்வார்கள். அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பத்தில் ரஷ்ய எஞ்சினில் ஓட்டினார்கள், பிறகு சொந்த எஞ்சினுக்கு மாறினார்கள், இன்னும் வலுவான எஞ்சினைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள். குறையோடு தொடங்கி, தயாரித்துக்கொண்டே திருத்தினார்கள். 2024 மே மாதச் செயற்கைக்கோள் படத்தில், திபெத்தின் ஷிகாட்சே தளத்தில் ஆறு ஜே-20 விமானங்கள் நின்றன. சிக்கிம் எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்குள். சென்னையிலிருந்து வேலூர் போகும் தூரம்தான். 2024 நவம்பரில் ஜே-35ஏ என்ற இன்னொன்றையும் பகிரங்கமாகக் காட்டினார்கள். அதில் 40ஐ சீனா தங்களுக்குத் தர முன்வந்ததாகப் பாகிஸ்தான் அரசு 2025 ஜூனில் சொன்னது.

துருக்கியின் கான் 2024 பிப்ரவரியில் பறந்திருக்கிறது. தென்கொரியாவின் கேஎஃப்-21 முழு ஸ்டெல்த் இல்லை, ஏவுகணைகளை உடலுக்குள் மறைக்கும் அறை இப்போதைக்கு அதில் கிடையாது. இவற்றை இத்தோடு விடுகிறேன்.

நம்முடையது ஆம்கா. பெங்களூருவில் உள்ள ஏ.டி.ஏ. என்ற வானூர்தி மேம்பாட்டு முகமை வடிவமைக்கிறது. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. 2025 மே 27 அன்று, தனியாரும் போட்டியிட்டுப் பங்கேற்கும் செயல்முறைக்குப் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் தந்தார். எடை 25 டன். எரிபொருள் உள்ளே 6.5 டன், ஆயுத அறையில் ஒன்றரை டன். எஃப்-35ஏயில் எரிபொருள் 8 டன்னுக்கு மேல், உள்ளே ஆயுதம் இரண்டரை டன். ஆக, நம்முடையது கொஞ்சம் சிறியது, குறைவாகச் சுமக்கும். ஆனால் இரண்டு எஞ்சின். முதல் வகையில் வரப்போகும் அமெரிக்க எஃப்-414 எஞ்சின் ஒன்றின் உந்துவிசை 98 கிலோநியூட்டன். இரண்டும் சேர்ந்து 196. எஃப்-35இன் ஒற்றை எஞ்சின் 191. எடை குறைவு, விசை கொஞ்சம் அதிகம். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். முன்மாதிரி 2028-29 வாக்கில் பறக்கும், உற்பத்தி 2034-35இல் தொடங்கும் என்பது திட்டம். அதுவரை விமானப் படையின் நிலை என்ன? அனுமதிக்கப்பட்டது 42 ஸ்குவாட்ரன். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு இருப்பது 29. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 முதல் 18 விமானம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருநூறுக்கு மேல் பற்றாக்குறை.

ஆவடியில் இருப்பவர்கள் 'திட்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் அர்ஜுன் டாங்கியை நினைத்துக்கொள்வார்கள். 1974இல் ஒப்புதல், 2004இல்தான் முதல் ஐந்து டாங்கிகள் ராணுவத்திடம் போயின. முப்பது வருடம். அந்த டாங்கி நன்றாக அமைந்தது என்பதே என் கருத்து, 2021இல் மேலும் 118 டாங்கிகளுக்கு ஆவடிக்கே ஆர்டர் வந்தது. ஆனால் அதன் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வருவது. அதற்கு மாற்றாக 1,500 குதிரைத்திறன் கொண்ட நம் சொந்த எஞ்சின், மைசூருவில் 2024 மார்ச் 20 அன்றுதான் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது. டாங்கியை நாம் செய்துவிட்டோம், எஞ்சினுக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

தேஜஸிலும் இதே கதை. 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின் தேஜஸுக்குப் போதாது என்று 2008இல் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்கு 99 எஞ்சின்கள் கேட்டு 2021இல் அமெரிக்க ஜி.இ. நிறுவனத்துக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில் வந்தது. அதனால் ஆம்காவைப் பற்றி யார் என்னிடம் பேசினாலும் நான் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இங்கேயே எஞ்சின் உருவாக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். அந்த ஒப்பந்தத்தில் தொழில்நுட்பம் எவ்வளவு முழுதாகக் கைமாறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆம்காவின் இரண்டாவது வகை இருக்கும்.

நம்பிக்கை தரும் பக்கமும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 மார்ச் 14 அன்று பெங்களூருவில் ஒரு தேஜஸ் விமானம் புதிய சுழல் தண்டு ஒன்றோடு பறந்தது. எஞ்சினிலிருந்து சக்தியை எடுத்து கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் தண்டு அது. மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் அந்த கியர்பாக்ஸ் சுழன்றால்தான் கிடைக்கும். தண்டு மெலிதாக, எடை குறைவாக இருக்க வேண்டும், அதிவேகத்தில் சுழலும்போது அதிர்ந்து உடையவும் கூடாது. லேத்தில் நீளமான தண்டைக் கடைந்தவர்களுக்கு அந்த அதிர்வின் குணம் தெரியும். அதை வடிவமைத்தது பெங்களூரு இல்லை, ஆவடி சி.வி.ஆர்.டி.இ. டாங்கிக்கு கியர் செய்து பழகிய கைகள் விமானத்துக்கும் செய்தன. தேஜஸ் மார்க்-1ஏயின் இறக்கைகளை எல் அண்ட் டி நிறுவனம் கோயம்புத்தூரில் செய்து 2025 ஜூலையில் கொடுக்க ஆரம்பித்தது. நம் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள் இருக்கின்றன. அம்பத்தூரில் இன்று கார் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் பத்தில் ஒன்று விமானத் தரத்துக்கு ஏறினாலே பெரிய விஷயம். அதற்கு இயந்திரம் மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டு உலோகமும் எந்த உலையில் உருகியது, யார் கடைந்தது, யார் அளந்தது என்று பல ஆண்டு கழித்துக் கேட்டாலும் காட்டும் பதிவேடு வேண்டும். நம் சிறு தொழிலில் இன்னும் பலவீனமான இடம் அதுதான்.

கூட்டத்தில் வந்த கேள்விகளில் மூன்றை மட்டும் இங்கே தருகிறேன்.

முதல் கேள்வி: "சார், அதுவரைக்கும் எஃப்-35 வாங்கிட்டா என்ன? டிரம்பே தரேன்னாரே?"

2025 பிப்ரவரியில் அப்படிச் சொன்னார். ஆனால் முறையான பேச்சு எதுவும் நடக்கவில்லை என்று நம் வெளியுறவுத் துறை ஆகஸ்டில் மக்களவையில் பதில் கொடுத்தது. வாங்கினாலும் சிக்கல் இருக்கிறது. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காகத்தான் 2019இல் துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். 2018இல் ஒப்பந்தம் போட்டு அதே எஸ்-400ஐ நாமும் வாங்கியிருக்கிறோம். விமானத்தின் மென்பொருளும் உதிரிபாகமும் அவர்கள் கையில். நம் விருப்பப்படி நம் ஏவுகணையை அதில் பொருத்த அவர்கள் சம்மதம் வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனரைக் கேட்பது போல.

இரண்டாவது: "அப்போ சுகோய்-57?" இதில் இங்கேயே இரண்டு கட்சி இருந்தது. கிடைப்பதை வாங்கி இடைவெளியை அடைக்கலாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பத்து வருடம் வெறுங்கையோடு இருப்பது விளையாட்டில்லை. என் கருத்து வேறு. இரண்டு ஸ்குவாட்ரன் வாங்கினால்கூட அதற்கு விமானிகள், தொழில்நுட்பர்கள், ஹேங்கர், பணம் எல்லாம் போகும், அவை ஆம்காவுக்குத் தேவைப்படும் அதே ஆட்களும் அதே பணமும்தான். பணம் இருந்தால் நீண்ட அலை ரேடார்கள், தொலைதூர ஏவுகணைகள், வானிலிருந்து கண்காணிக்கும் விமானங்கள் இவற்றில் போடலாம். ஜே-20ஐ எதிர்கொள்ள இன்னொரு ஸ்டெல்த் விமானம்தான் வேண்டும் என்பதில்லை, அதை முன்கூட்டியே பார்த்துவிடுவதும் பாதி வேலை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் சி பிளாக் நண்பர் இதை ஏற்கவில்லை. "ரேடார் நின்ற இடத்தில் நிற்கும், சண்டை நகரும்" என்றார். விவாதம் டீ ஆறும் வரை நடந்தது.

மூன்றாவது கேள்வி பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவியிடமிருந்து: "இந்த வேலைக்குப் போக என்ன படிக்கணும் அங்கிள்?"

விமானப் பொறியியல் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. நம் ஊரில்தான் இருக்கிறது, ஐ.ஐ.டி.யிலும் அந்தத் துறை உண்டு. ஆனால் ஒரு ஸ்டெல்த் விமானத்தில் வேலை செய்பவர்களில் விமானப் பொறியாளர்கள் ஒரு பகுதிதான். பூச்சுக்கு வேதியியல் வேண்டும், அலைக்கணக்குக்கு இயற்பியலும் கணிதமும், உடல் பாகங்களுக்குக் கார்பன் இழைப் பொருள் தெரிந்தவர்கள், எல்லாவற்றையும் இணைக்க மென்பொருள் ஆட்கள். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் துருத்தும் திருகைக் கண்ணால் பார்த்தே பிடிக்கும் ஒரு ஃபிட்டரும் வேண்டும். அந்தப் பெண் கணிதத்தில் நல்ல மார்க் எடுக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். உஃபிம்ட்செவ் செய்தது முழுக்கக் கணக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். ஆம்கா உற்பத்திக்கு வரும் வருடத்தில் அவளுக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்கும்.